கோளாறு ஓரிடம், அறிகுறி வேறிடம்: நரம்பு மண்டலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோரும் அவர்களை அழைத்து வருவோரும் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நரம்புக் கோளாறுக்குப் பிறகு உடலை மறுபடி பழக்கும் இயன்முறைச் சிகிச்சையாளன். ஆகவே இந்தப் பக்கம் யாருக்கும் நோயைக் கண்டறிந்து தராது. மருத்துவர் ஏன் வலிக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தட்டிப் பார்க்கிறார் என்பதை மட்டும் ஓரளவு விளக்கும்.

புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதுதானே நரம்பு?

இல்லை, அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. யாழின் தந்தி, இலையின் கோடு, இரத்தக் குழாய், உணர்ச்சியைக் கடத்தும் இழை ஆகிய நான்குக்கும் நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் வழங்குவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களின் காலில் வரும் 'நரம்புச் சுருட்டு' கூட சிரையின் நோய்தான். அதற்கு நரம்பியல் மருத்துவரிடம் காத்திருந்து அரை நாளைக் கழித்துவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உண்மையான நரம்பைத் தொட்டுப் பார்க்க விரும்பினால், முழங்கையின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். கயிறுபோல் ஒன்று நழுவும். அது அல்னார் நரம்பு. கதவு நிலையில் முழங்கை இடிபடும்போது சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுவது இதனால்தான். இடிபட்டது முழங்கை, கூசியது விரல். தொழுநோயில் இந்த நரம்பு தடித்துவிடுவதுண்டு என்பதால், உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் உள்ளவர்களுக்கு மருத்துவர் முதலில் தடவிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளை விரும்புவதால் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையே அது பெரிதும் தாக்குகிறது.

நரம்பு மண்டலத்தில் எவையெல்லாம் அடங்கும்?

மூளை, அதிலிருந்து நேராகப் புறப்படும் 12 இணை நரம்புகள், முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம், அதிலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகள், இவற்றோடு நாம் நினைக்காமலே இதயத்துடிப்பையும் வியர்வையையும் குடலையும் நடத்திக்கொண்டிருக்கும் தன்னியக்க நரம்புகள். மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடை. உடல் எடையில் 2 விழுக்காடுதான் என்றாலும் உள்ளே வரும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது.

கிணற்று மோட்டார் ஓடாதபோது அனுபவமுள்ள எலக்ட்ரீசியன் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. மூன்று ஃபேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, கேபிள் எங்கேனும் அறுந்ததா, காயில் எரிந்ததா என்று வழியை ஒட்டியே தேடுவார். கை தூக்க வரவில்லை என்று ஒருவர் வரும்போது நடப்பதும் இதுவே. பெருமூளை, மூளைத்தண்டு, தண்டுவடம், நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் அடிப்பகுதி), நரம்பு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடம், தசை ஆகிய ஏழில் எது பழுதானாலும் கை தூக்க வராது. ஆனால் ஏழிலும் கூடவரும் அறிகுறிகள் வேறுவேறு. உவமை இதற்கு மேல் செல்லாது, ஏனெனில் அறுந்த கேபிளை முறுக்கிவிட்டால் ஓடும் மோட்டாரைப்போல அறுந்த தண்டுவடம் ஓடுவதில்லை.

அப்பாவுக்கு வலக்கையும் வலக்காலும் வரவில்லை. ஸ்கேனில் இடப்பக்க மூளையில் அடைப்பு என்கிறார்கள். படத்தை மாற்றி வைத்துவிட்டார்களா?

மாற்றவில்லை. பெருமூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுவரும் இழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. ஆகவே இட மூளை வல உடலை ஆள்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பக்க மூளையிலேயே இருப்பதால், வலப்பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது வழக்கம். பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளியின் மூளையை 1861-இல் அவர் இறந்தபின் ஆராய்ந்து, இட முன்மூளையின் கீழ்ப்பகுதியில் சிதைவைக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விவரித்தார்: பேச்சு தங்குதடையின்றி வரும், ஆனால் பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது.

இந்த இரண்டாம் வகையைத்தான் வீட்டார் 'புத்தி மாறிவிட்டது' என்று தவறாக எண்ணி வருந்துகிறார்கள். புத்தி அப்படியே இருக்கிறது. சொல்லும் பொருளும் கோக்கும் இடம்தான் பழுது. அவர்களிடம் உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. சிறு சொற்றொடராகவும் கை சாடையோடும் மெல்லப் பேசினால் பலன் தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன், காலையில் வாய் கோணியிருந்தது. காற்று அடித்துவிட்டதா, பக்கவாதமா?

நெற்றியைப் பார்க்க வேண்டும். முகத்தின் மேற்பாதிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. கீழ்ப்பாதிக்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டுமே பெரிதும் வருகிறது. எனவே பெருமூளையில் அடைப்பு ஏற்பட்டால் வாய் கோணும், நெற்றி சுருங்கும், கண் மூடும். காதருகே எலும்புக்குள் ஓடும் முகநரம்பே வீங்கிச் செயலிழந்தால் அந்தப் பக்கம் நெற்றி சுருங்காது, கண்ணும் மூடாது, வாயும் கோணும். இந்த இரண்டாவதே ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல் பெயரால் பெல் வாதம் எனப்படுகிறது. காற்றுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக நான் நம்பவில்லை; ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் மற்றவர்களுக்கெல்லாம் அது வருவதில்லையே.

பெல் வாதத்தில் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. மூடாத கண்ணில் கருவிழி உலர்ந்து புண்ணாகாமல் சொட்டு மருந்திட்டு, இரவில் இமையை ஒட்டி மூடிவைப்பது மாத்திரைக்கு நிகரான முக்கியம். ஆனால் நெற்றிச் சோதனையை வீட்டில் செய்து பார்த்துத் திருப்தியடைந்து உட்கார்ந்துவிடக் கூடாது. மூளைத்தண்டில் வரும் சில அடைப்புகள் பெல் வாதம்போலவே முகம் முழுவதையும் தாக்கும். கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழறல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அடுத்த கேள்விக்கான பதில்தான் பொருந்தும்.

பக்கவாதம் என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வது? புறா இரத்தம் கொடுக்கலாமா?

108-ஐ அழைத்து, தலை ஸ்கேன் எடுக்கும் வசதியும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். நேரம் கணக்கிடப்படுவது நீங்கள் பார்த்த கணத்திலிருந்து அன்று. நோயாளி கடைசியாக நலமாக இருந்தது தெரிந்த கணத்திலிருந்து. இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கை வராமல் எழுந்தால், கணக்கு பத்து மணியிலிருந்து ஓடுகிறது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடக் கம்பி நுழைத்துக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை செய்யப்படுகிறது. அதனால் நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

புறா இரத்தம் வேண்டாம், காப்பித் தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசைகளை நடத்தும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தால் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கும். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினையும் கொடுத்துவிடாதீர்கள்; அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் இன்றி வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, கசிவென்றால் அந்த மாத்திரை கேடு செய்யும்.

ஓவர்லாக் மெஷினில் இருக்கிறேன். இரவில் கை மதமதத்து எழுப்பிவிடுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானமா?

எந்த விரல்கள் என்பதுதான் கேள்வி. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மதமதத்து, சுண்டுவிரல் தெளிவாக இருந்து, கையை உதறினால் சற்றே தெளிகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில். அங்கே எலும்பும் தடித்த நாரும் சேர்ந்த குறுகிய சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கிக்கொண்டு செல்கிறது. விசை கொடுத்துத் துணியைப் பிடித்துத் தள்ளும் வேலையை மடங்கிய மணிக்கட்டோடு மணிக்கணக்கில் செய்தால் நெருக்கம் கூடும். சர்க்கரை, தைராய்டுக் குறைவு, கர்ப்பம் ஆகியவையும் அதையே செய்யும்.

இதில் நான் மாணவர்களுக்கு விரும்பிச் சொல்லித்தரும் நுணுக்கம் ஒன்று உண்டு. உள்ளங்கைத் தோலுக்கான கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து அதற்கு வெளியே ஓடிவிடுகிறது. ஆகவே விரல்கள் மரத்து உள்ளங்கை தெளிவாக இருந்தால் மணிக்கட்டு. கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கட்டைவிரல்வரை மின்னலாக இறங்கினால் கழுத்தில் ஆறாவது நரம்பு வேர். சுண்டுவிரல் மரத்தால் முழங்கை. மூவரும் 'கை மதமதப்பு' என்ற ஒரே சொல்லோடுதான் வருகிறார்கள். கழுத்தில் எக்ஸ்ரே எடுத்தால் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியும் என்பதால், படத்தை மட்டும் நம்பிக் கழுத்துப்பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டைக் கவனிக்காமல் விடுவதே இங்கே அதிகம் நடக்கும் தவறு. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை பலருக்குப் போதும். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து பள்ளமாகத் தொடங்கிவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மஞ்சக்காட்டில் பொழுதெல்லாம் குத்தவைத்துக் களை எடுத்தேன். எழுந்தால் பாதம் தொங்குகிறது, வலியே இல்லை. இடுப்பில் ஜவ்வு விலகிவிட்டதா?

முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் கைக்குத் தட்டுப்படும் சிறு எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு ஓடுகிறது. அதற்கு மேலே தோலைத் தவிரப் பாதுகாப்பு ஏதும் கிடையாது. நெடுநேரம் குத்தவைத்தால் அது நசுங்குகிறது. பாதத்தை மேலே தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் போய்விடும். ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் இப்படித்தான் தொங்கும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: பாதத்தை உட்பக்கம் திருப்பும் தசைக்கும் அதே ஐந்தாம் வேரிலிருந்துதான் இழை வருகிறது, ஆனால் அது பெரோனியல் வழியாக வராமல் வேறொரு நரம்பின் வழியாக வருகிறது. உட்பக்கம் திருப்பும் வலு நன்றாக இருந்தால் கோளாறு முழங்காலருகே. அதுவும் குறைந்திருந்தால் இடுப்பைத் தேட வேண்டும்.

குத்தவைத்ததால் வந்ததில் பலருக்கு நரம்பின் மேலுறையாகிய மயலின் மட்டும் நசுங்கியிருக்கும். சில வாரங்களில் சரியாகும். உள்ளிழையே அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதமே வளரும். முழங்காலருகிலிருந்து பாதம்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்தால் ஏன் பொறுமை கேட்கிறோம் என்பது புரியும். அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டை அணியுங்கள். சூடான எண்ணெய் போட்டு நரம்பை 'நீவி எடுக்க' யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்.

இடுப்பு வலிக்கு எப்போது உடனே ஓட வேண்டும்?

பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமலே கழிந்தாலோ அன்றைக்கே. பெரியவர்களில் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் அடியோடு முடிந்து, கீழே குதிரைவால் போல் நரம்பு வேர்கள் மட்டும் தொங்குகின்றன. பெரிய ஜவ்வு பிதுங்கி அந்தக் கற்றை முழுவதையும் அழுத்தினால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். வெட்கப்பட்டு இந்த ஒரு செய்தியை மட்டும் மறைத்துவிடுகிறார்கள்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவரை எப்படித் தூக்குவது?

தூக்கிக் காரில் மடக்கிப்போடக் கூடாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் விழுந்தவர்களில், விழுந்த நொடியில் அசைந்த கால் வண்டியில் ஏற்றியபின் அசையாமல் போன கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடைந்த முள்ளெலும்பு தண்டுவடத்தை அறுப்பது விழும்போது மட்டுமன்றி, பிறகு தூக்கும்போதும் நடக்கும். 108 வரும்வரை தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். புரட்டியே ஆக வேண்டுமென்றால் நான்கு பேர் சேர்ந்து உடம்பை ஒரே மரக்கட்டை போல் புரட்ட வேண்டும்.

எந்த மட்டத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்தே எல்லாம். கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் வேர்கள் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேல் அறுந்தால் மூச்சே நின்றுவிடும். தொப்புள் மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லையென்றால் கோளாறு பத்தாம் மார்பு நரம்பின் அருகே. முதல் சில வாரங்கள் கால்கள் தளர்ந்து துணிபோல் கிடக்கும், பின்னர் இறுகித் துடிக்கத் தொடங்கும். கால் உதறுவதைக் கண்டு 'உசிர் வந்துவிட்டது' என்று வீட்டார் மகிழும்போது, அது தண்டுவடம் மூளையின் கட்டுப்பாடின்றித் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல் என்று சொல்ல வேண்டியிருப்பது என் வேலையின் கடினமான பகுதி.

ஆறாம் மார்பு நரம்பு மட்டத்துக்கு மேல் அடிபட்டவர்களின் வீட்டார் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலே அவர்களுக்கு இரத்த அழுத்தம் எகிறி, தலை பிளப்பது போல் வலித்து, முகம் வியர்த்துச் சிவக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, மடங்கிய குழாயை நேராக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு எச்சில் ஒழுகி, கண் மங்கியது. இது நரம்பு நோயா?

நஞ்சு, ஆனால் வேலை செய்வது நரம்பின் முனையில். நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் செய்தியைக் கடத்துகிறது. கடத்தியதும் அதை ஒரு நொதி சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அந்த நொதியை முடக்குகிறது. சிதையாமல் தேங்கும் அசிட்டைல்கோலினால் எச்சில், கண்ணீர், வியர்வை, சளி பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடித்துப் பின் ஓயும். அட்ரோபின் ஊசி சளியையும் மெதுவான துடிப்பையும் சரிசெய்யும். தசைப் பலவீனத்தைத் தீர்க்காது. அதனால்தான் தெளிந்து பேசியவருக்கு, நஞ்சு ஏறிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சு திணறுவதுண்டு. இலங்கை மருத்துவர்கள் 1987-இல் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். தெளிந்துவிட்டார் என்று அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. தோல் வழியாகவும் மருந்து ஏறும் என்பதால் முதலில் சட்டையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தோட்டத்துச் சாளையில் தரையில் படுத்திருந்தவருக்கு இமை திறக்கவில்லை, கடிவாய் தெரியவில்லை. பாம்புக்கடி இப்படியும் இருக்குமா?

இருக்கும், கட்டுவிரியனை நினைக்க வேண்டும். இரவில் கடிக்கும், பெரும்பாலும் வீக்கமோ வலியோ இராது. வயிற்றுவலியோடு விழித்தவருக்கு இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு தளரும். நாகத்தின் நஞ்சு தசைப்பக்கத்தில் செய்தியை வாங்கும் இடத்தை அடைக்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே அழிக்கிறது. அழிந்த முனையை நச்சுமுறிவு மருந்து உயிர்ப்பிக்காது என்பதால் மருந்து சீக்கிரம் ஏற வேண்டும். தாமதமானவர்களுக்கு முனை மறுபடி வளரும்வரை பல நாள் செயற்கை மூச்சு வேண்டும். அப்போது கண்மணிகூட அசையாமல் பிணம்போல் கிடப்பவரின் மூளை விழித்தே இருக்கிறது. கட்டிலருகே நின்று காரியச் செலவைப் பேசாதீர்கள், அவருக்குக் கேட்கும்.

சர்க்கரை நோயில் ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

அங்கே செல்லும் இழைகளே மிக நீளமானவை. தண்டுவடத்தருகே உள்ள ஓர் உயிரணு, ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கால்விரல்வரை தன் இழையைப் பேண வேண்டியிருக்கிறது. பேணும் வலு குறைந்தால் முதலில் பட்டுப்போவது முனை. காலுறை அணிந்ததுபோல் மதமதப்பு மேலேறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனியிலும் தொடங்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தேன் என்று ஒருவர் சொன்னால் அது வேடிக்கைக்குரிய செய்தி அன்று. பங்குனி வெயிலில் கோயிலை வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளத்தோடு வருபவர்களுக்குப் புண்ணைவிட, சுட்டது தெரியவில்லை என்பதே கவலைக்குரியது.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கிறதே?

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தாமாக நிற்கும். சாவியைத் தேடி எடுத்துவரவும் அவ்வளவு நேரம் ஆகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம்.

'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரில் எழுதியிருக்கிறார்களே, அது என்ன நோய்?

அப்படி ஒரு நோய் நரம்பியலில் இல்லை. கை நடுக்கம், பதற்றம், பி12 குறைவு, தைராய்டு மிகுதி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டி ஒரே லேகியத்தை விற்கிறார்கள்.

நரம்பு வேகப் பரிசோதனை வலிக்குமா?

நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மின்சாரத்தால் அளக்கும் சோதனை இது. சிறு மின்னதிர்ச்சிகள் சுண்டிவிட்டதுபோல் இருக்கும். தசையில் மெல்லிய ஊசி குத்தும்போது சற்று வலிக்கும். கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள், மின்முனை ஒட்டாது. குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறைந்து காட்டும் என்பதால் மார்கழிக் காலையில் முதலில் கையைச் சூடாக்கிவிட்டே தொடங்குவார்கள். அடிபட்ட மூன்றாம் நாளே எடுத்து வந்து 'ஒன்றும் இல்லை' என்று காட்டுபவர்கள் உண்டு. அறுந்த இழையின் விளைவு தசையில் முழுமையாகத் தெரிய மூன்று வாரம்வரை ஆகும், ஆகவே அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி எடுக்கும்போது கூடக் கொண்டு வாருங்கள்.